ஜெட்டை எண்ணி ஹாட் டப் வாங்கப் போன கதை

ஹாட் டப், அதாவது சூடான தண்ணீரில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஊறும் தொட்டி, ஒன்று வாங்குவது என்று வீட்டில் முடிவானதற்கும் அது வந்து இறங்கியதற்கும் நடுவில் ஏழு மாதம் போனது. அதில் முதல் மூன்று மாதம் சுத்த வீண், அதற்கு முழுக் காரணம் நான்தான். எக்செல்லில் பிராண்டுகளை வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஜெட் (உடம்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சும் துளை), எத்தனை குதிரைத்திறன், எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கலர் விளக்கு என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினாறு கட்டம். ஒருநாள் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிப்பேர் ஆனா யார் வருவாங்கன்னு ஒரு கட்டம்கூட இல்லையே" என்றாள். "அதெல்லாம் வாரண்டியில வந்துடும்" என்று சொல்லிவிட்டு விளக்கு எண்ணும் வேலைக்குத் திரும்பினேன்.

இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் பதினாறில் பதினொன்று எதற்கும் உதவாதவை. எது உதவியது, எங்கே ஏமாறப் பார்த்தேன் என்று எழுதிவைக்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு அந்த மூன்று மாதமாவது மிஞ்சட்டும்.

இதற்கு முன்னால் எங்களிடம் காற்றடித்து உப்ப வைக்கும் வகை ஒன்று இரண்டு வருடம் இருந்தது. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். இந்தப் பழக்கம் நமக்கு ஒட்டுமா என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. எங்களுக்கு ஒட்டியது, வாரத்தில் நான்கு நாளாவது இறங்கிவிடுவோம். ஒத்துவராதது அதன் ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும், இது எந்த பிராண்டாலும் மாற்ற முடியாத கணக்கு. 800 லிட்டர் தொட்டியில் 1.3 கிலோவாட் ஹீட்டர் என்றால் மணிக்கு ஒன்றரை டிகிரிகூட ஏறாது, அதுவும் சூடு வெளியே போகாமல் இருந்தால். எங்களுடையதில் காற்றுக் குமிழியைப் போட்டதும் ஹீட்டர் நின்றுவிடும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தண்ணீர் ஆறத் தொடங்கும். அந்தக் கடுப்பில்தான் நிரந்தரமாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினோம்.

பிராண்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது முதலில் பிடிபட்டது, இவை நாம் நினைப்பதுபோல் தனித்தனி மரங்கள் அல்ல என்பதுதான். ஜக்கூஸி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சகோதரர்கள், விமானத்துக்கு விசிறி, கிணற்றுக்கு பம்ப் என்று செய்துகொண்டிருந்தவர்கள். குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு மூட்டுவாதம் வந்தபோது வீட்டுக் குளியல் தொட்டிக்குள் வைக்கும் ஒரு பம்பை உருவாக்கி, அதையே 1956-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெட்டைத் தொட்டியின் சுவரிலேயே பதித்த மாடல் 1968-இல் வந்தது. பல ஊர்களில் எந்தக் கம்பெனி ஹாட் டப்பையும் ஜக்கூஸி என்றே சொல்கிறார்கள், டால்டா மாதிரி. சன்டான்ஸ் ஸ்பாஸும் அதே ஜக்கூஸி குழுமத்தில்தான் இருக்கிறது. ஹாட் ஸ்பிரிங், கால்டெரா இரண்டையும் செய்வது வாட்கின்ஸ் வெல்னஸ் என்ற ஒரே நிறுவனம். இன்னும் உள்ளே போனால், மூளையாக இருக்கும் கன்ட்ரோல் போர்டை பால்போவா, கெக்கோ என்ற இரண்டு கம்பெனிகளிடமிருந்து ஏகப்பட்ட பிராண்டுகள் வாங்கிப் பொருத்துகின்றன. ஆக நான் ஏழு பிராண்டை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு சில இடங்களில் ஒரே உதிரிப் பாகத்தை அதனுடனேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பிராண்டுக்குள்ளேயே மூன்று நான்கு படிகள் இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. ஹாட் ஸ்பிரிங்கில் ஹைலைஃப், லைம்லைட், ஹாட் ஸ்பாட். ஜக்கூஸியில் ஜே-200, ஜே-300, ஜே-400 என்று போகும். பம்ப், சூடு வெளியே போகாமல் தடுக்கும் காப்பு, வாரண்டி எல்லாமே படிக்குப் படி மாறும். பெரிய பெயரின் கடைசிப் படியை வாங்கிவிட்டு அதன் முதல் படிக்குக் கிடைத்த புகழைத் தொட்டியில் எதிர்பார்க்கக் கூடாது. என் தாளில் இருந்த பிராண்ட் பெயர்களை அழித்துவிட்டு மாடல் பெயர்களை எழுதினேன். உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

சரி, ஜெட். ஐம்பது ஜெட் இருப்பது முப்பது இருப்பதைவிட மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு பம்ப் தள்ளுகிற தண்ணீர் ஓர் அளவுதான். அதை ஐம்பது ஓட்டைக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் முதுகைத் தடவிக்கொடுக்கும் அளவுக்கே வேகம் வரும். எனக்கு வேண்டியது இடுப்புக்கு மேலே இரண்டு இடத்தில் நல்ல அழுத்தம், மனைவிக்குக் கழுத்திலும் பாதத்திலும். சில பிராண்டுகள் இதைத் தங்கள் பாணியில் யோசித்திருக்கின்றன. புல்ஃபிராக்கில் சாய்மானப் பலகையையே கழற்றி வேறு ஜெட் தொகுப்பு உள்ளதை மாட்டலாம், ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஹாட் ஸ்பிரிங்கில் முதுகின்மேல் ஏறி இறங்கும் ஜெட் ஒன்று உண்டு. இவற்றில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, எண்ணிக்கையில் தெரிவதில்லை.

குதிரைத்திறன் அதைவிட மோசம். ஒரு விற்பனையாளர் "இதில் ஒவ்வொரு பம்பும் 5 ஹெச்.பி." என்றார். பக்கவாட்டுப் பேனலைத் திறக்கச் சொல்லி மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தேன். 230 வோல்ட், 10 ஆம்பியர். பெருக்கினால் 2300 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட், எனவே ஒரு சொட்டு மின்சாரம்கூட வீணாகாமல் இருந்தாலும் ஏறக்குறைய மூன்றுக்கு மேல் போக வழியில்லை. தொடர்ந்து ஓடும்போது கிடைக்கும் திறன் ஒன்று, ஒரு கணம் எட்டித் தொடும் உச்சம் வேறொன்று. விளம்பரத்தில் இரண்டாவதைப் போடுகிறார்கள். அவர்மேல் கோபம் வரவில்லை, அவருக்கே அந்தக் கணக்கு புதிது என்று முகத்தில் தெரிந்தது. எங்கே போனாலும் தகட்டில் உள்ள ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில் மட்டும் கவிதை கிடையாது.

பேனலைத் திறந்து பார்க்கிற பழக்கம் அப்போது தொடங்கியது. எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் பிடித்துப்போன பகுதியும் அதுவே. உள்ளே இரண்டு கட்சி உண்டு. தொட்டிக்கும் வெளிச்சட்டத்துக்கும் இடையே உள்ள இடம் முழுவதையும் கெட்டி நுரையால் (ஃபோம்) அடைத்துவிடுவது ஒன்று. வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மட்டும் காப்பு வைத்து, நடுவில் காற்றை விட்டு, மோட்டாரின் சூட்டையே அந்தக் காற்றில் தேக்கிவைப்பது மற்றது. கனடாவின் ஆர்க்டிக் ஸ்பாஸ் இரண்டாவதற்குப் பெயர்போனது. நுரை அடைத்தால் குழாய் ஆடாது, சூடும் நன்றாக நிற்கும், ஆனால் கசிவு வந்தால் நுரையைத் தோண்டித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றிடம் விட்டதில் டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். எது மேல் என்று நானும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டையுமே நன்றாகச் செய்தவர்களும் ஒப்பேற்றியவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஷோரூமில் பேனலைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒற்றை விரல் கனப் பஞ்சு, அவ்வளவுதான், தரையில் வெறும் மரச்சட்டம். அதற்குத்தான் "ஐந்தடுக்குக் காப்பு" என்று பலகை வைத்திருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஓர் எண். கலிபோர்னியாவில் விற்கும் ஹாட் டப்புகள், மூடி போட்டு, தண்ணீரைச் சூடாக வைத்தபடி யாரும் இறங்காமல் சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கின்றன என்று சோதித்து, அந்த மாநில எரிசக்தி ஆணையத்தின் பட்டியலில் பதிவு செய்யவேண்டும். எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரியான சோதனை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதே மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் எண்ணை எடுத்து ஒப்பிடலாம், கொள்ளளவு கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 200 வாட் மாடலுக்கும் 300 வாட் மாடலுக்கும் வித்தியாசம் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், வருடத்துக்கு 876 யூனிட். நாங்கள் இறுதிச் சுற்றுக்கு வைத்திருந்த ஐந்தில் ஒன்று இந்த எண்ணாலேயே வெளியே போனது. இத்தனைக்கும் அதன் பிரசுரத்தில்தான் பச்சை இலை படம் பெரிதாக இருந்தது.

அடுத்தது தண்ணீரில் உட்கார்ந்து பார்ப்பது. இதைச் செய்யாமல் வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தண்ணீர் நிரப்பிய தொட்டி உள்ள ஷோரூம்களைக் கேட்டு, நேரம் வாங்கிக்கொண்டு, துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு போனோம். முதல் இடத்தில் மனைவி கூச்சத்தில் வரமாட்டேன் என்றாள். மூன்றாவது இடத்தில் கடைக்காரருக்கு முன்னால் அவள் இறங்கிவிட்டாள். காலியான தொட்டியில் உட்கார்ந்தபோது படுக்கை வடிவ சீட் சொர்க்கமாக இருந்தது, அதற்காகவே ஒரு மாடலை மனசுக்குள் முடிவுகூடச் செய்துவிட்டேன். தண்ணீரில் இறங்கியதும் அதே சீட் மனைவியை மிதக்கவிட்டது. பிடியை விட்டால் பாதம் மேலே வருகிறது, ஜெட்டைப் போட்டால் மொத்தமாகத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்ச் சுவரில் சேர்க்கிறது. எனக்கு வேறு பிரச்சினை, என் உயரத்துக்குத் தோள் வெளியே நின்றது. அவளுக்கு அதே சீட்டில் தண்ணீர் தாடையைத் தொட்டது. எனவே வீட்டிலேயே குள்ளமானவரும் உயரமானவரும் சேர்ந்து போகவேண்டும், எல்லா சீட்டிலும் மாறி மாறி உட்காரவேண்டும், பத்து நிமிடத்தில் எழுந்துவிடக் கூடாது. எதிரெதிரே உட்கார்ந்தால் கால்கள் நடுவில் எங்கே போகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். "ஆறு பேருக்கு" என்று எழுதியிருந்த ஒன்றில் எட்டுக் கால் விழுந்ததுமே நெரிசல்.

அங்கேயே இன்னொன்றும் செய்தோம். எல்லா ஜெட்டையும் நிறுத்தச் சொல்லி, வடிகட்டும் சிறிய பம்ப் மட்டும் ஓடும்போது காது கொடுத்துக் கேட்டோம். ஜெட்டின் இரைச்சல் நாம் உள்ளே இருக்கும்போது மட்டும்தான், இந்தச் சத்தமோ பல மாடல்களில் நாள் முழுக்கப் படுக்கையறை ஜன்னல் வரை வரும்.

தண்ணீர்ப் பராமரிப்பைப் பற்றி விற்பனையாளர்கள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம். "இதில் உப்பு முறை இருக்கிறது, குளோரினே வேண்டாம்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உப்பு முறை என்பதே உப்பிலிருந்து தொட்டிக்குள்ளேயே குளோரினையோ புரோமினையோ தயாரிப்பதுதான். வாளியில் வாங்கிப் போடும் வேலை குறையும், சோதிக்கும் வேலை குறையாது. ஓசோனும் புற ஊதா விளக்கும் துணைக்கு நல்லவை, தனியாகப் போதாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்புக்குச் சொல்வது குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு), புரோமின் என்றால் 4. தண்ணீரின் அமில-கார அளவான பி.ஹெச். 7.0-க்கும் 7.8-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர் நமக்கு மட்டுமல்ல, சூடோமோனாஸ், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாக்களுக்கும் பிடிக்கும். முதலாவது தோலில் சிவப்புத் தடிப்பைத் தரும், இரண்டாவது நுரையீரலுக்கே போகும். ஆகவே பிராண்டை ஒப்பிடும்போது நான் பார்த்தது "தானாகச் சுத்தமாகும்" என்ற வாசகத்தை அல்ல, ஃபில்டரை ஒரு கையால் எடுக்க முடிகிறதா, அந்த அளவு ஃபில்டர் வெளிக்கடைகளில் கிடைக்கிறதா அல்லது அவர்களிடம் மட்டும்தானா என்பதை. தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. லிட்டரை 11-ஆல் வகுத்து, தினமும் இறங்குகிறவர் எண்ணிக்கையால் இன்னொரு முறை வகுத்தால் எத்தனை நாள் என்று வரும். 1300 லிட்டர், இரண்டு பேர் என்றால் சுமார் இரண்டு மாதம்.

வாரண்டித் தாளை முழுக்கப் படியுங்கள், முன்பக்கத்தை அல்ல. "10 வருட வாரண்டி" என்று பெரிதாக இருக்கும். அது பெரும்பாலும் தொட்டியின் ஓடு உடையாது என்பதற்கு, ஓடு அவ்வளவு சீக்கிரம் உடையவும் போவதில்லை. அக்ரிலிக் மேற்பரப்பு, குழாய், பம்பும் ஹீட்டரும், ஆள் கூலி, மூடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம். நான் பார்த்த தாள்கள் சிலவற்றில் மூடிக்கு ஒரு வருடம்தான், ஒன்றில் ஆள் கூலியும் அப்படியே. வருடம் ஏற ஏற நிறுவனம் ஏற்கும் பங்கு குறைந்துகொண்டே போகும் வகையும் உண்டு. அப்புறம் அந்த வாரண்டியை நிறைவேற்றப்போவது யார்? தயாரித்தவர் எங்கோ இருக்கிறார், நம் வாசலுக்கு வரப்போவது விற்ற டீலர்.

இங்கேதான் மனைவியின் கட்டம் திரும்பி வந்தது. கடைசியில் மிஞ்சியது மூன்று மாடல். மூன்றின் டீலருக்கும் போன் செய்து, விற்பனையைக் கேட்காமல் நேராக சர்வீஸ் பிரிவைக் கேட்டு, இந்த மாடலுக்கு சர்க்குலேஷன் பம்ப் (வடிகட்டும் அந்தச் சிறிய பம்ப்) கைவசம் இருக்கிறதா, மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தாள். ஒருவர் கிடங்கில் இருக்கிறது, வாரத்துக்குள் ஆள் வரும் என்றார். இன்னொருவர் வரவழைக்க ஆறு வாரம் என்றார். மூன்றாமவர் திருப்பிக் கூப்பிடுவதாகச் சொன்னார், இன்றுவரை கூப்பிடவில்லை. அந்த மூன்றாவதுதான் என் தாளில் மதிப்பெண்ணில் முதலிடம். எனக்கு மனசே வரவில்லை, இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தேன். பிறகு முதல் ஆளிடமே வாங்கினோம். பிராண்ட் பெயரை இங்கே எழுதினால் உங்களில் பாதிப் பேர் அதையே தேடிப் போவீர்கள், உங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் இருக்கிறாரா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1300 லிட்டர் தண்ணீர் 1300 கிலோ, தொட்டி ஒரு 400, ஐந்து பேர் ஏறினால் 350, மொத்தம் இரண்டு டன்னைத் தாண்டும். தரையில் என்றால் சமமான கான்கிரீட் தளம் வேண்டும், மாடியில் என்றால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் வேண்டாம். ஹாட் டப்புக்கென்று தனி மின்சார இணைப்பு, கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர், இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். வேறு நாட்டிலிருந்து வரும் மாடல் என்றால் உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பார்த்து அதற்கேற்ற பதிப்பைக் கேளுங்கள். வரும் வழியையும் அளந்து வையுங்கள், பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் கொண்டுவருவார்கள். எங்கள் கேட் நான்கு சென்டிமீட்டர் போதாமல், ஒரு பக்கக் கதவைக் கீலோடு கழற்றி வைத்தோம்.

மூடியில் நான் கோட்டை விட்டேன். தொட்டியின் சூடு அதிகம் போவது மேல்பக்கமாகத்தான், ஆனால் மூடியை ஏதோ இலவச இணைப்பு மாதிரி நினைத்து அதன் நுரை என்ன அடர்த்தி, ஓரத்திலும் நடு மடிப்பிலும் ஆவி கசிகிறதா என்று கேட்கவே இல்லை. பத்தாவது மாதம் அதன் உள்ளுறை கிழிந்து நுரை ஆவியைக் குடித்துக் குடித்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனத்துக்கு வந்துவிட்டது. கனக்கத் தொடங்கினாலே அதன் காப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று, முழுக்க என்னுடையது. அழகாக இருக்கும் என்று தொட்டியை மூலையில் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். பொருத்த வந்தவர் "இந்தப் பக்கம்தான் சார் பம்ப் இருக்கு, ஒரு ஆள் உட்காருற இடம் விடுங்க" என்றார். நான்தான் பேனலைத் திறந்து பார்ப்பதில் பெரிய நிபுணர் ஆயிற்றே, இருந்தும் ஒரு சாண் போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஐந்தாவது மாதம் பம்ப் இணைப்பில் ஒரு வாஷர் தளர்ந்து சொட்டியது. திருகி இறுக்கினால் பத்து நிமிட வேலை. கை நுழையாததால் 1300 லிட்டரையும் வடித்து, நான்கு பேர் சேர்ந்து தொட்டியை நகர்த்தி, இறுக்கி, மறுபடி நிரப்பி, 18 டிகிரியிலிருந்து 38-க்கு ஏற்ற 30 யூனிட் மின்சாரமும் பத்து மணி நேரமும் ஆனது. வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. 38 டிகிரியில் வைத்திருக்கிறோம், 40-க்கு மேல் யாரும் போகக் கூடாது, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவோம். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு கட்டாயம். கலர் விளக்கை முதல் வாரத்துக்குப் பிறகு போட்டதாக நினைவில்லை. ஆறு சீட்டில் நாங்கள் உட்காருவது அதே இரண்டில்தான்.

போன மாதம் சர்க்குலேஷன் பம்ப் ராத்திரியில் முனகத் தொடங்கியது. காலையில் போன் செய்தோம், நான்காம் நாள் அதே ஆள் புது பம்ப்போடு வந்தார். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இப்போது ஒரு முக்காலி போடும் அளவுக்கு இடம் இருக்கிறது. பேனலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த முக்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்.